பௌர்ணமிக் கணக்கும் அரை மாத்திரையும்: ஓர் இதயச் செயலிழப்பு நிகழ்வு ஆய்வு

ஐம்பத்தாறு வயதுப் பெண். பாம்பன் தீவின் கடலோரக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடற்பாசி எடுத்தவர். ஒரு மாத இடைவெளியில் அவரை இருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். முதல் முறை அவருடைய இதயத்துக்குச் சுருங்கும் வலு போதவில்லை. இரண்டாம் முறை, அந்த வலுவுக்காக நான் எழுதிக்கொடுத்த மருந்தே அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவக் கணக்குகளில் கை வைக்கவில்லை.

முதல் சேர்க்கை

தை மாதம், பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு 108 வண்டியில் வந்தார். படுக்க முடியவில்லை, இரண்டு இரவுகளாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியதாக மருமகள் சொன்னார். மகன் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோய் கண்டறியப்பட்டிருந்தது. இதயம் விரிந்து தசை தளர்ந்த நிலை. மதுரையில் செய்த ஆஞ்சியோவில் ரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை. கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை. துடிப்பை மட்டுப்படுத்தும் கார்வெடிலால் 3.125 மி.கி. இரு வேளை, இதயத்துக்கான ஸ்பைரனோலாக்டோன், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான், நீர் மாத்திரையான ஃபுரோசமைடு 40 மி.கி. ஆகியவற்றைச் சாப்பிட்டுவந்தார்.

நாடித் துடிப்பு 124, ஒழுங்கற்றது. ரத்த அழுத்தம் 82/64. இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். 82 தாழ்வு என்பது யாருக்கும் தெரியும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் 18தான் இருக்கிறது, மேல் எண்ணில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தம் மிகக் குறைந்துவிட்டது என்பதற்குக் கருவியில்லாமலே கிடைக்கும் சாட்சி இது. இன்னொரு சாட்சி கால்கள்: முழங்கால் வரை குளிர்ந்திருந்தன. நுரையீரலில் இரு புறமும் நீர்ச் சத்தம். எடை 52 கிலோ. பழைய சீட்டில் 46. எக்கோவில் இதயம் வெளித்தள்ளும் அளவு 20 சதவீதம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.1 (மூன்று மாதம் முன்பு 1.1), சோடியம் 126, திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4.2.

ஈரமும் (உடலில் தேங்கிய நீர்) குளிர்ச்சியும் (ரத்தம் எட்டாத கை கால்) சேர்ந்த நிலை இது. இதயச் செயலிழப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈரமாக, ஆனால் கை கால் சூடாக வருவார்கள். அவர்களுக்கு நீரை இறக்கினால் போதும். அவர்களுக்கு இதய வலுவூட்டும் மருந்தைத் தொடங்குவது தவறு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2002இல் வெளியான ஆப்டைம் ஆய்வில், வலுவூட்டும் மருந்து கட்டாயமாகத் தேவைப்படாத 951 பேரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு அந்த வகை மருந்தான மில்ரினோன் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் கழித்த நாட்கள் குறையவில்லை. ரத்த அழுத்த வீழ்ச்சியும் தாளக் கோளாறும் கூடின. நம் நோயாளி அந்த வகை அல்ல. சிறுநீரகம் ரத்தம் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தது.

எதை ஏற்றுவது?

பணியில் இருந்த இளம் மருத்துவர், அழுத்தத்தை ஏற்றும் மருந்தான டோபமினைக் கையில் எடுத்திருந்தார். பழைய பழக்கம், எங்கள் தலைமுறையிடமிருந்து அவருக்குத் தொற்றியது. 2010இல் வந்த இரண்டாம் சோப் ஆய்வில், அதிர்ச்சி நிலையில் இருந்த 1,679 பேரில், அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு மருந்தான நார்அட்ரினலின் பெற்றவர்களைவிட டோபமின் பெற்றவர்களுக்குத் தாளக் கோளாறுகள் ஏறக்குறைய இரு மடங்கு வந்தன. இதயத்தால் வந்த அதிர்ச்சிப் பிரிவில் இறப்பும் அதிகம். ஏற்கெனவே 124இல் ஓடும் இதயத்துக்கு அது வேண்டாம் என்றேன்.

மில்ரினோன் இந்த இடத்தில் கவர்ச்சியானது. இதயத்தை முடுக்கும் செய்தி நுழையும் வாசல்களான பீட்டா ஏற்பிகளைக் கார்வெடிலால் அடைத்து வைத்திருக்கிறது. இன்னொரு வலுவூட்டும் மருந்தான டோபுடமின் அதே வாசலைத்தான் தட்ட வேண்டும். மில்ரினோனுக்கு அந்த வாசல் தேவையில்லை, உள்ளே இருக்கும் ஃபாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் நொதியைத் தடுத்து வேலை செய்யும். ஆனால் அது வெளியேறும் வழி சிறுநீரகம், நோயாளியின் கிரியேட்டினின் 2.1. ரத்தக் குழாய்களையும் தளர்த்தும். 82 இன்னும் இறங்கும். லெவோசிமெண்டன் கால்சியத்தைக் கூட்டாமல், இருக்கும் கால்சியத்துக்குத் தசையை அதிகமாக இசைய வைக்கும் மருந்து. அதன் வழிப்பொருள் ஒரு வாரம்வரை உடலில் நின்று வேலை செய்யும். விலையை விடுங்கள், அழுத்தம் விழுந்தால் திரும்பப் பெற முடியாத மருந்தை 82 உள்ளவருக்கு ஏற்ற எனக்குத் துணிவில்லை.

டோபுடமினைத் தேர்ந்ததற்குக் காரணம் அது சிறந்தது என்பதல்ல. 2021இல் டோரெமி ஆய்வு 192 பேரில் மில்ரினோனையும் டோபுடமினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது, வேறுபாடு இல்லை. டோபுடமினின் அரை ஆயுள் சுமார் இரண்டு நிமிடம். தவறாகப் போனால் பம்ப்பை நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். மதுரை தொலைவில் இருக்கிற ஒரு மருத்துவமனையில், நள்ளிரவில், எனக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய ஆறுதல்.

50 மி.லி. சிரிஞ்சில் 250 மி.கி. கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.5 மைக்ரோகிராம் என்று தொடங்கினோம். பம்ப்பில் மணிக்கு 1.5 மி.லி.க்குச் சற்று மேல். நார்அட்ரினலினைக் கலந்து பக்கத்தில் வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. கார்வெடிலாலையும் ஸ்பைரனோலாக்டோனையும் நிறுத்தினோம். ஃபுரோசமைடு 80 மி.கி. நரம்பில், பிறகு மணிக்கு 10 மி.கி. இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றமில்லை, டோபுடமினை ஐந்துக்கு உயர்த்தினோம். விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுநீர்ப் பை நிறையத் தொடங்கியது. காலையில் பாதம் தொட்டுப் பார்த்த சிஸ்டர், வெதுவெதுப்பு வந்துவிட்டது என்றார். லாக்டேட் 2.0.

ஏன் இப்படி ஆனது?

மாத்திரை தவறாமல் சாப்பிட்டதாகவே அவரும் சொன்னார், மருமகளும் சொன்னார். உப்பு? கஞ்சிக்குக் கருவாடு உண்டு; அது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் மட்டும் ஆறு கிலோ ஏறாது.

இரண்டாம் நாள் மாலை, மூச்சு இறங்கியபின், சிஸ்டரிடம்தான் உண்மையைச் சொன்னார். நீரில் மூழ்கிப் பாசி எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கரையில் பாசி காய வைக்கும் வேலைக்குப் போகிறார். அவர்கள் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே பாசி எடுக்கிறார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்த நாட்களில் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் கரையில் குவியும். (மரிக்கொழுந்து என்றதும் மணக்கும் கொத்தை நினைத்த மதுரைக்காரன் நான், இங்கே அது ஒரு பாசி.) காலை முதல் பொழுது சாயும்வரை வெட்ட வெளி மணல். மறைவிடம் கிடையாது. நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அங்கே எப்படி இருப்பது? ஆகவே அந்த ஆறு நாளும் மாத்திரை கிடையாது. முந்தைய மாதங்களில் எப்படியோ சமாளித்த இதயம் இந்தப் பௌர்ணமியில் சமாளிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு எங்கே போவீர்கள் என்று கேட்டதில்லை.

இறக்குவதில் வந்த சிக்கல்

ஏற்றுவது எளிது. 36 மணி நேரத்தில் டோபுடமினை 2.5க்கு இறக்கினோம். அன்றிரவே திரையில் ஒன்பது துடிப்புகள் அகலமாக ஓடின: கீழறையிலிருந்து எழும் வேகத் துடிப்பு. நீர் இறங்கிய வேகத்தில் பொட்டாசியம் 3.0 ஆகியிருந்தது. பொட்டாசியம், மக்னீசியம் கொடுத்தோம். மறுபடியும் ஒரு ஓட்டம் வந்ததால் தாளக் கோளாற்றை அடக்கும் அமியோடரோனும் நரம்பில். இந்த அமியோடரோனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

60 மணி நேரத்தில் டோபுடமினை நிறுத்தினோம். எட்டு மணி நேரம் கழித்துச் சிறுநீர் மணிக்கு 15 மி.லி. ஆனது, பாதம் குளிர்ந்தது. மறுபடி 2.5.

கடலிலிருந்து திரும்பிய மகனோடு அன்றுதான் உட்கார்ந்து பேசினேன். மருந்தை நிறுத்தவே முடியாமல் போகிறவர்கள் உண்டு என்றேன். மாற்று இதயமோ இயந்திர உதவியோ சாத்தியமுள்ளவர்களுக்கு இந்தப் பம்ப் ஒரு தோணி, அக்கரை இருக்கிறது. அக்கரை இல்லாதவர்களுக்கு என்ன செய்கிறோம் என்பதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இந்த வகை வலுவூட்டும் மருந்துகளை மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. 1991இல் ப்ராமிஸ் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேருக்கு மில்ரினோனை வாய்வழி கொடுத்து முடிவைப் பார்த்தது: இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. களைத்த மாட்டைச் சாட்டையால் ஓட்டினால் வண்டி கொஞ்ச தூரம் வேகமாகப் போகும், மாடு விழும் என்று மகனிடம் சொன்னேன். அவர் படகுக்காரர்; எஞ்சினை அளவுக்கு மீறி முறுக்கினால் என்ன ஆகும் என்பதை எனக்கு அவர் விளக்கினார். அவருடைய உவமை என்னுடையதைவிடப் பொருத்தம்.

முதல் முறை இறக்கும்போது உடலில் இன்னும் மூன்று கிலோ நீர் மிச்சம் இருந்தது. அவசரப்பட்டுவிட்டோம். இந்த முறை எடை 47க்கு வரும்வரை காத்திருந்து, எட்டு மணிக்கொரு முறை அரை மைக்ரோகிராமாகக் குறைத்தோம். நான்காம் நாள் டிகாக்ஸினையும் சேர்த்தேன். நாடி 110க்குக் கீழே வரவில்லை, கார்வெடிலாலைத் திரும்பத் தொடங்க அழுத்தம் இடம் தரவில்லை. துடிப்பின் வேகத்தைக் குறைத்து, சுருக்கத்தின் வலுவைக் கூட்டி, அழுத்தத்தைக் கெடுக்காத மருந்து வேறில்லை. ஆறாம் நாள் டோபுடமின் நின்றது. இந்த முறை பாதம் குளிரவில்லை.

டிகாக்ஸினுக்கான சான்றைப் பற்றி நேர்மையாக ஒரு வார்த்தை. 1997இல் வந்த பெரிய ஆய்வில், 6,800 பேரில் அது இறப்பைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. நம் நோயாளியைப் போன்றவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது நீட்டிப் பேசுவதாகும். பின்னர் அதே தரவை அலசியபோது, ஒரு மி.லி. ரத்தத்தில் 0.5 முதல் 0.8 நானோகிராம் வரை வைத்திருந்த ஆண்கள் நன்றாக இருந்ததும், 1.2க்கு மேல் போனவர்களில் இறப்பு கூடியதும் தெரிந்தது. பயன்படும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருப்பது ஒரு வரப்புதான்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். கிரியேட்டினின் 1.5, எடை 46.5. அமியோடரோன் 200 மி.கி. ஒரு மாதத்துக்கு, ஸ்பைரனோலாக்டோன் மறுபடி. டிகாக்ஸின் 0.25 மி.கி. மாத்திரையில் பாதி, வாரத்தில் ஐந்து நாள். அமியோடரோன் டிகாக்ஸினின் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கும், சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. அந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் பாதி என்று எழுதினேன். மூன்று வாரத்தில் வரச் சொன்னேன்.

இரண்டாம் சேர்க்கை

பதினெட்டாம் நாள் வந்தார். ஐந்து நாட்களாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி. கருவாட்டு வாசம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை மருமகள் ஒரு கேலிச் செய்தியாகவே சொன்னார். இடையில் வேறொரு இடத்தில் பித்தம் என்று மூன்று நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். பிறகுதான் இன்னொன்று சொன்னார்: வெள்ளைச் சுவர் மஞ்சள் பூசியதுபோல் தெரிகிறது.

நாடி 42. ஒழுங்காக, கடிகாரம்போல.

இந்த ஒழுங்கைக் கண்டு மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரின் நாடி, டிகாக்ஸின் சாப்பிடும்போது, திடீரென்று மெதுவாகவும் ஒழுங்காகவும் ஆனால் அது குணமல்ல. மேலறைகள் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கின்றன; அங்கிருந்து கீழே செய்தி போகும் வழி முழுதும் அடைபட்டு, கீழே உள்ள கணு தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது. ஈசிஜியில் மேலறைகளின் துடிப்பைக் காட்டும் பி அலை இல்லை, எஸ்.டி. பகுதி கரண்டிபோல் குழிந்திருந்தது.

உண்மையில் அதை முதலில் பிடித்தது நான் அல்ல. ஈசிஜி எடுத்த சிஸ்டர், தாளைப் பார்த்துவிட்டு மருமகளைத் தனியே அழைத்து, "வீட்டில் ஏதும் சண்டையா? அத்தை அரளி விதை தின்றார்களா?" என்று கேட்டுவிட்டார். மருமகள் கொதித்துப்போனார். எனக்கு அந்தக் கேள்வியில் விடை கிடைத்தது. அரளி விதை தின்று வருகிறவர்களின் ஈசிஜியை எங்கள் சிஸ்டர்கள் புத்தகம் படித்து அறிந்தவர்கள் அல்லர், பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். மஞ்சள் அரளியின் நஞ்சும் டிகாக்ஸினும் ஒரே பூட்டில் நுழையும் சாவிகள். செல்லின் சுவரில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது. அதை இரண்டும் அடைக்கும். உள்ளே சோடியம் தேங்கும்; அதனால் கால்சியம் வெளியேற முடியாமல் தங்கும்; தசை வலுவாகச் சுருங்கும். அளவில் இருந்தால் அது மருந்து. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் நரிக்கையுறைச் செடியின் இலையை வைத்து எழுதிய நூலிலேயே, வாந்தியும் மங்கிய மஞ்சள் பார்வையும் அளவு மீறியதன் அடையாளங்கள் என்று இருக்கின்றன. அந்தச் செடி நம் கடலோர மண்ணில் வளராது. அதன் வேலையைச் செய்யும் அரளி நம் வேலியோரத்தில் நிற்கிறது.

மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னேன். டிகாக்ஸின் பத்து மாத்திரை அட்டை ஒன்று முழுதும் காலி, இரண்டாவதில் எட்டுக் குழிகள் காலி. பதினெட்டு நாளுக்குப் பதினெட்டு முழு மாத்திரைகள். ஆறேழு போயிருக்க வேண்டிய இடம். வாரத்துக்கு 0.625 மி.கி. என்று நான் எழுதியது 1.75 ஆகியிருந்தது, அதுவும் அமியோடரோனோடு.

முழு மாத்திரை ஏன்? அந்தச் சின்ன மாத்திரையை உடைத்தால் தூளாகிறது. வீணாகக் கூடாதென்று முழுதாகக் கொடுத்துவிட்டார் மருமகள். வார்டில் சிஸ்டரிடம் வெட்டும் கருவி இருந்தது, வீட்டில் அரிவாள்மனை. ஐந்து நாள் என்ன ஆயிற்று? இதற்கு நோயாளியே பதில் சொன்னார். அவருடைய மாதத்தில் சனியும் ஞாயிறும் இல்லை. வேலை நாள் தொடர்ந்து வரும், ஓய்வு நாள் சேர்ந்து வரும். இரண்டிரண்டாக விடச் சொன்ன நாட்களைச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒட்டுமொத்தமாக விட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாராம். கடலில் அப்படித்தான் செய்கிறார்கள். பாசிக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

கிரியேட்டினின் 2.4, பொட்டாசியம் 5.8. டிகாக்ஸின் அளவுக்கான ரத்தம் மதுரைக்குப் போய் மறுநாள் முடிவு வந்தது: 3.6 நானோகிராம். டிகாக்ஸினை முறிக்கும் மருந்தான எதிர்ப்பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. டயாலிசிஸால் பயனில்லை; மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடத் தசைகளில் பதுங்கியிருப்பதே அதிகம். டிகாக்ஸின், அமியோடரோன், ஸ்பைரனோலாக்டோன் மூன்றையும் நிறுத்தினோம். அட்ரோபின் 0.6 மி.கி. நாடியைச் சில மணி நேரம் 60க்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸிங் பட்டைகளை மார்பில் ஒட்டித் தயாராக வைத்தோம். பொட்டாசியத்தை இன்சுலின், குளுக்கோஸ் கொண்டு இறக்கினோம். நாலைந்து நாள் வாந்தியில் வற்றியிருந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏற்றினோம். ஒரு மாதம் முன்பு நீரை இறக்கப் பாடுபட்ட அதே கட்டிலில்.

மற்றதெல்லாம் காத்திருப்பு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் டிகாக்ஸினின் அரை ஆயுள் ஒன்றரை முதல் இரண்டு நாள். கெட்டால் நான்கு நாளுக்கும் மேல் இழுக்கும். டோபுடமினின் இரண்டு நிமிடத்தை நம்பி இரவைக் கழித்த நான், இங்கே நாட்களை எண்ணினேன்.

ஐந்தாம் நாள் காலை ஈசிஜியில் ஒழுங்கு குலைந்திருந்தது. மேலறைகளின் குழப்பம் கீழே வரத் தொடங்கிவிட்டது, வழி திறந்துவிட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டு நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. அன்று மதியம் அவர் மீன் குழம்பு கேட்டார். உப்பில்லாமல் கொண்டுவந்தார்கள், திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

இப்போது

டிகாக்ஸினை மறுபடி தொடங்கவில்லை. அது கெட்ட மருந்து என்பதால் அல்ல; பாதியாக உடையாத மாத்திரையையும், பத்து நாளில் ரத்தம் பார்க்க முடியாத தூரத்தையும் வைத்துக்கொண்டு அந்த வரப்பில் இவரை மறுபடி நடக்க விட எனக்கு மனமில்லை. உடல் தேறியபின் அழுத்தம் 100ஐத் தொட்டது. துடிப்பை மட்டுப்படுத்தும் பிசோப்ரோலால் 1.25 மி.கி.யும் இதயச் செயலிழப்புக்கான டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.யும் சேர்த்தோம். நாடி 84இல் நிற்கிறது. முதல் பரிசோதனை மூன்று வாரத்தில் அல்ல, ஏழாம் நாள்.

நீர் மாத்திரை விஷயத்தை அவரே தீர்த்தார். பாசி நாட்களில் மதியம் மூன்று மணிக்குக் கரையிலிருந்து வீடு திரும்பிச் சாப்பிடுகிறார். மற்ற நாட்களில் காலையில். அமாவாசையும் பௌர்ணமியும் அச்சிட்ட மாதக் காலண்டரில் அந்தப் பன்னிரண்டு நாட்களையும் சிஸ்டர் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தார்.

தினமும் எடை பார்க்க வேண்டும், இரண்டு நாளில் ஒன்றரை கிலோ ஏறினால் வர வேண்டும் என்றபோது, வீட்டில் எடைக் கருவி இல்லை என்றார்கள். பாசி வாங்கும் வியாபாரியிடம் இருக்கிறது. அந்தத் தராசை நம்ப முடியாது, எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்று அவர் ஆட்சேபித்தார். தினமும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால் எனக்குப் போதும் என்றேன். சென்ற வாரம் காலண்டரோடு வந்தார். வியாபாரியின் தராசில் 45.2, எங்கள் தராசில் 46.4. ஒரு கிலோவுக்கும் மேல் ஏமாற்றியிருக்கிறான் என்று மகனிடம் காட்டிக்கொண்டிருந்தார்.